திட்டுகிறவனும் வட்டி வாங்குகிறவனும்: ‘தி பூன்டாக்ஸ்’ கார்ட்டூன் யாரைக் கிண்டலடித்தது?

பணக்கார வெள்ளையர்கள் கூடியிருக்கும் தோட்ட விருந்து. பத்து வயதுக் கறுப்பினப் பையன் ஒருவன் மைக்கைப் பிடித்து மூன்று விஷயங்களை அறிவிக்கிறான். ஏசு கறுப்பர். முன்னாள் அதிபர் ரொனால்ட் ரீகன் சாத்தான். செப்டம்பர் 11 பற்றி அரசாங்கம் பொய் சொல்கிறது. அடுத்த நொடி விருந்தினர்கள் வெறிபிடித்தவர்கள்போல ஒருவரையொருவர் அடித்துக்கொள்ளத் தொடங்குகிறார்கள். இதெல்லாம் பையனின் கனவு. தாத்தா அவனை அறைந்து எழுப்புகிறார்: வெள்ளைக்காரர்களிடம் உண்மையைச் சொல்ல உனக்கு எவ்வளவு துணிச்சல், என்னைப்போல் பொய் சொல்லக் கற்றுக்கொள்.

அதே எபிசோடில் நிஜமான விருந்து ஒன்றும் வருகிறது. பையன் அதே தோரணையில் பேசியும் பார்க்கிறான். கலவரம் வரவில்லை, கைதட்டல்தான் வருகிறது. எவ்வளவு அழகாகப் பேசுகிறான் இந்தப் பையன் என்று வியந்துவிட்டுத் தங்கள் அரட்டைக்குத் திரும்புகிறார்கள். சொன்னது என்ன என்பது யார் காதிலும் ஏறவில்லை. கோபப்பட்டிருந்தால்கூட அவனை ஒரு ஆளாக மதித்ததாக இருந்திருக்கும்.

‘தி பூன்டாக்ஸ்’ தொடர் இப்படித்தான் தொடங்கியது, 2005 நவம்பர் 6 அன்று. கார்ட்டூன் நெட்வொர்க் அலைவரிசையின் இரவு நேரப் பெரியவர் பகுதியான அடல்ட் ஸ்விம்மில் 2014 வரை விட்டுவிட்டு நான்கு சீசன்கள், மொத்தம் 55 எபிசோடுகள் வந்தன. சிகாகோவின் தெற்குப் பகுதியிலிருந்து வுட்க்ரெஸ்ட் என்ற கற்பனைப் புறநகருக்குக் குடிவந்த தாத்தா ராபர்ட் ஃப்ரீமன், பேரன்கள் ஹ்யூயி, ரைலி ஆகியோரின் கதை. ஹ்யூயிக்குப் புரட்சி வேண்டும். அவன் பெயரே பிளாக் பேந்தர் என்ற கறுப்பினப் புரட்சிக் கட்சியைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஹ்யூயி நியூட்டனிடமிருந்து வந்தது. எட்டு வயது ரைலிக்கு ராப் பாடகர்களும் துப்பாக்கிகளும் போதும். தாத்தாவுக்கு நிம்மதியாக ஓய்வெடுக்க வேண்டும்.

இனவெறியைக் கிண்டலடித்த கார்ட்டூன் என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போகிறார்கள். அது பாதிதான் சரி. நிறத்தைப் பற்றி இத்தனை பேர் இத்தனை சத்தமாகக் கத்தும் இந்தத் தொடரில், அதைப் பற்றி வாயே திறக்காத ஒருவர் ஊரையே கையில் வைத்திருக்கிறார். அவரைக் கவனிக்காமல் பார்த்தால் இது வெறும் வசைகளின் தொகுப்பாகத்தான் தெரியும்.

அதற்குமுன் கொஞ்சம் பின்னணி. அமெரிக்க அனிமேஷனுக்கும் இனக் கேலிக்கும் உள்ள உறவு புதிதல்ல. வெள்ளை நடிகர்கள் முகத்தில் கரி பூசிக்கொண்டு கறுப்பர்களைப்போல ஆடிப்பாடிய மின்ஸ்ட்ரல் மேடைகளிலிருந்து ஆரம்பகாலக் கார்ட்டூன்கள் தாராளமாக எடுத்துக்கொண்டன. வெள்ளைக் கையுறை, அகன்ற வாய், எதற்கும் அஞ்சாமல் அடிபட்டு எழுந்துவரும் உடம்பு எல்லாவற்றிலும் அந்த மேடையின் சாயல் உண்டு என்று அனிமேஷன் வரலாற்றாசிரியர்கள் காட்டியிருக்கிறார்கள். வார்னர் பிரதர்ஸ் தயாரித்த பழைய கார்ட்டூன்களில் பதினொன்றை அவற்றின் இனக் கேலிக்காகவே 1968-இல் தொலைக்காட்சி ஒளிபரப்பிலிருந்து விலக்கிவைத்தார்கள். அதன்பின்னும் நிலைமை முழுக்க மாறிவிடவில்லை. ‘தி சிம்ப்சன்ஸ்’ தொடரின் இந்தியக் கடைக்காரர் அப்புவுக்கு முப்பது ஆண்டுகள் குரல் கொடுத்தவர் ஹேங்க் அஸாரியா என்ற வெள்ளையர். அவர் அந்த வேடத்திலிருந்து ஒதுங்கியது 2020-இல். ‘ஃபேமிலி கை’யின் கறுப்பினப் பாத்திரமான க்ளீவ்லண்டுக்குக் குரல் கொடுத்த வெள்ளைக் கலைஞரும் அதே ஆண்டுதான் விலகினார்.

ஆக, அடுத்தவர் கையில் கேலிக்கு ஆளாக்கப்பட்ட மக்களிலிருந்து ஒருவர் வந்து அதே கருவியைக் கையில் எடுத்தார் என்பதுதான் இந்தத் தொடரை உருவாக்கிய ஆரன் மெக்ரூடர் செய்ததன் முதல் சிறப்பு. அவர் எடுத்தவுடன் தன் மக்களையும் விட்டுவைக்கவில்லை. இது பலருக்கு உறுத்தியது.

மெக்ரூடர் 1974-இல் சிகாகோவில் பிறந்தவர். சிறுவயதிலேயே குடும்பம் மேரிலாந்து மாநிலத்தின் கொலம்பியாவுக்கு மாறியது. இந்த ஊரைத் தெரிந்துகொள்ளாமல் வுட்க்ரெஸ்ட்டைப் புரிந்துகொள்ள முடியாது. ஜேம்ஸ் ரவுஸ் என்ற கட்டுமானத் தொழிலதிபர் திட்டம் போட்டு 1967-இல் திறந்த நகரம் கொலம்பியா. வெவ்வேறு இனத்தவரும் வெவ்வேறு வருமானக்காரர்களும் ஒரே பகுதியில் கலந்து வாழவேண்டும் என்பது அதன் நோக்கங்களில் ஒன்று. அப்படிப்பட்ட ஊரில் வளர்ந்த கறுப்பினப் பிள்ளைக்கு வெளிப்படையான வெறுப்பைவிட நல்லெண்ணம் கொண்டவர்களின் அசட்டுத்தனம்தான் அதிகம் கண்ணில் பட்டிருக்கும் என்று ஊகிக்க இடமிருக்கிறது. தோட்ட விருந்தில் கைதட்டியவர்களை நினைத்துப்பாருங்கள். அவர்களில் ஒருவர்கூட ஹ்யூயியைத் திட்டவில்லை.

மேரிலாந்து பல்கலைக்கழகத்தில் ஆஃப்ரோ அமெரிக்கக் கல்வி படித்துக்கொண்டிருந்தபோது 1996-இல் மாணவர் இதழில் ‘தி பூன்டாக்ஸ்’ கதையைச் சித்திரப் பட்டையாக (காமிக் ஸ்ட்ரிப்) வரையத் தொடங்கினார். 1999 ஏப்ரலில், நாளிதழ்களுக்குப் படைப்புகளை விநியோகிக்கும் யுனிவர்சல் பிரஸ் சிண்டிகேட் வழியாக ஏறக்குறைய 160 நாளிதழ்களில் ஒரே நேரத்தில் வெளியானது. புதுமுகத்துக்கு இது மிகப்பெரிய தொடக்கம். பூனை, நாய், அலுவலகக் காமெடி என்று போய்க்கொண்டிருந்த பக்கத்தில் கோபமான ஒரு சிறுவனின் முகம் வந்து உட்கார்ந்தது. வாசகர் கடிதங்கள் குவிந்தன.

பிறகு வந்தது 2001 செப்டம்பர் 11. நாடே கொடியை அசைத்துக்கொண்டிருந்த சில வாரங்களுக்குள், ஹ்யூயி உளவுத்துறையின் துப்புத் தொலைபேசி எண்ணை அழைத்து, பின்லேடனுக்குப் பயிற்சிக்கும் பணத்துக்கும் உதவிய அமெரிக்கர்களின் பெயர்களைத் தர விரும்புவதாகச் சொல்கிறான். முதல் பெயர் ரீகன். நியூயார்க் டெய்லி நியூஸ் இதழ் சில வாரங்களுக்குப் பட்டையை நிறுத்திவைத்தது. மெக்ரூடர் பின்வாங்கவில்லை, கொடியையும் தேசபக்திச் சின்னமான நாடாவையும் பேசவைத்து ஒரு போலித் தேசபக்திப் பட்டையை வரைந்து இன்னும் கொஞ்சம் எரிச்சல் மூட்டினார். 2003-இல் அன்றைய தேசியப் பாதுகாப்பு ஆலோசகர் காண்டலீசா ரைஸ் பற்றிய ஒரு வாரப் பட்டைகளை வாஷிங்டன் போஸ்ட் வெளியிட மறுத்தது. 2006-இல் ஓய்வு என்று சொல்லி நிறுத்தியவர் மீண்டும் நாளிதழுக்குத் திரும்பவே இல்லை. அதற்குள் தொலைக்காட்சித் தொடர் தொடங்கிவிட்டது.

தொலைக்காட்சிக்கு வந்தபோது இரண்டு விஷயங்கள் மாறின. ஒன்று, அசைவு. ஜப்பானிய அனிமே பாணியில் வரைந்து, தென்கொரிய ஸ்டூடியோக்களில் அனிமேஷன் செய்தார்கள். புறநகர்த் தெருவில் கண் தெரியாத கிழவனும் தாத்தாவும் மோதும் சண்டை சாமுராய்ப் படம்போல விரியும். ஹ்யூயி, ரைலி இருவருக்குமே குரல் கொடுத்தவர் நடிகை ரெஜினா கிங் என்பது முதல்முறை கேட்கும்போது நம்பமுடியாது. மூத்தவனின் சலிப்பும் இளையவனின் திமிரும் ஒரே தொண்டையிலிருந்து வருகின்றன. தாத்தாவாக ஜான் விதர்ஸ்பூன். இவர் இல்லாமல் இந்தத் தொடரே இல்லை என்பேன்.

இரண்டாவது மாற்றம்தான் முக்கியமானது. நாளிதழ்ப் பட்டையில் இல்லாத இரண்டு பெரியவர்கள் தொடரின் முதுகெலும்பாக மாறினார்கள். அங்கிள் ரக்கஸ், எட் வங்க்லர்.

ரக்கஸ் கறுப்பர். கறுப்பு என்றால், ஊரிலேயே அவர்தான் அதிகக் கறுப்பு. ஆனால் தான் வெள்ளையன் என்று நம்புகிறார். மைக்கேல் ஜாக்சனுக்குத் தோல் வெளுத்த நோய் வந்ததல்லவா, தனக்கு அதற்கு நேர் எதிரான நோய் வந்து கறுத்துவிட்டதாம். கறுப்பர்களைப் பற்றி அவர் வாயில் வராத வசையில்லை. ஊரிலிருக்கும் எல்லாச் சில்லறை வேலைகளையும் அவரேதான் செய்கிறார்: பள்ளிக்கூடத்தில் துப்புரவு, தியேட்டரில் டிக்கெட், காவல், ஓட்டுநர் என்று எங்கே போனாலும் சீருடை மாற்றிக்கொண்டு அவர் நிற்பார். இது ஓடிக்கொண்டே இருக்கும் நகைச்சுவை மட்டுமில்லை. வெள்ளையர்களை இவ்வளவு பூஜிக்கிற மனிதருக்கு அந்த ஊர் கொடுத்தது துடைப்பம்தான் என்பதை ஒவ்வொரு எபிசோடும் ஓரத்தில் காட்டிக்கொண்டே போகிறது.

முதல் சீசனின் கடைசி எபிசோடில் அவருக்குக் கட்டி இருப்பது தெரியவருகிறது. வெள்ளையர்களுக்கான சொர்க்கத்துக்குப் போவதாகக் கனவு காண்கிறார். அங்கே ரீகன் வரவேற்று, கறுப்பர்கள் தங்களையே வெறுக்கும்படி போதிக்கச் சொல்லி அனுப்புகிறார். ரக்கஸ் பாதிரியாராகி ஒரு சபையையே திரட்டிவிடுகிறார். அவர் பேச்சைக் கேட்டு உருகுகிறவர்களில் கறுப்பர்களும் இருக்கிறார்கள் என்பதில்தான் கசப்பு. மூன்றாம் சீசனில் இன்னொரு அடுக்கு திறக்கிறது. குழந்தையாக இருந்தபோது அவருடைய தாய்தான், நீ எங்களுக்குப் பிறந்தவனில்லை, தத்தெடுத்த வெள்ளைக் குழந்தை என்று சொல்லி வளர்த்திருக்கிறாள். பிள்ளைக்கு ஒரு நம்பிக்கை இருக்கட்டும் என்று அன்பினால் சொன்ன பொய். கொடூரமான தந்தையிடமிருந்தும் அந்த வீட்டின் வறுமையிலிருந்தும் தப்பிக்க அந்தத் தாய்க்குத் தெரிந்த ஒரே வழி அது. இதற்குப்பின் ரக்கஸைப் பார்த்துச் சிரிப்பது கொஞ்சம் கடினமாகிறது.

கறுப்பினச் சமூகவியலாளர் டபிள்யூ. ஈ. பி. டுபாய்ஸ் 1935-இல் வெளியிட்ட ‘பிளாக் ரீகன்ஸ்ட்ரக்‌ஷன்’ நூலில் ஒரு கருத்து வருகிறது. உள்நாட்டுப் போருக்குப் பிந்தைய தெற்கில் ஏழை வெள்ளைத் தொழிலாளர்களுக்குக் கூலி குறைவு. ஆனால் வெள்ளையராக இருப்பதற்காக ஒரு மரியாதை, ஒரு மனத்திருப்தி கூடவே கிடைத்தது. அந்த மனக்கூலி கையில் இருந்ததால் அவர்கள் கறுப்புத் தொழிலாளர்களோடு சேர்ந்து முதலாளியை எதிர்க்கவில்லை. ரக்கஸ் இந்த வாதத்தை இன்னும் ஒரு படி கீழே இறக்கிவிடுகிறார். வெள்ளையராக இல்லாமலே அந்த மனக்கூலியை வாங்கிக்கொண்டு, நிஜக் கூலியைப் பற்றிக் கேட்காமலே காலம் தள்ளுகிறவர் அவர்.

சரி, நிஜக் கூலியைக் கையில் வைத்திருப்பவர் யார்? எட் வங்க்லர். ஊரின் பெரும் பணக்காரர், வங்கிக்காரர், நிலக்காரர். நடிகர் எட் அஸ்னரின் கனிவான, கரகரத்த குரலில் சிரித்துச் சிரித்துப் பேசுவார். தாத்தாவை நண்பர்போல நடத்துவார். ரக்கஸின் வாயிலிருந்து கொட்டுவதோடு ஒப்பிட்டால் வங்க்லரின் பேச்சு ஏறக்குறைய பண்பானது. ஆனால் அவர் தொட்டதெல்லாம் யாருக்கோ நஷ்டமாக முடியும்.

இதற்குச் சிறந்த உதாரணம் முதல் சீசனில் வரும் உணவக எபிசோட். தாத்தாவின் சமையலைச் சாப்பிட்டு மயங்கிய வங்க்லர், ஆஃப்ரோ அமெரிக்கப் பாரம்பரிய உணவகம் ஒன்றைத் திறக்கப் பணம் போடுகிறார். அங்கே நாற்காலிக்குப் பதில் கட்டில்கள். சாப்பிட்ட கையோடு அங்கேயே தூங்கலாம். ரொட்டிக்குப் பதில் டோனட்டை வைத்த ஒரு பர்கரும் உண்டு. ஹ்யூயி எச்சரிக்கிறான், அடிமைக்காலத்து மிச்சங்களிலிருந்து பிறந்த இந்த எண்ணெய்ச் சாப்பாடு ஆளைக் கொல்லும் என்று. யார் கேட்டார்கள்? சில வாரங்களில் வாடிக்கையாளர்கள் ஊதிப்போகிறார்கள், பக்கத்துக் கடைகள் மூடப்படுகின்றன, தெருவில் குற்றம் பெருகுகிறது, அந்த வட்டாரமே சீரழிகிறது. கடைசியில்தான் வங்க்லரின் திட்டம் தெரிகிறது. உணவகத்துக்குப் பக்கத்திலுள்ள பூங்காவை அடிமாட்டு விலைக்கு வாங்க வேண்டும்; அதற்கு அந்த இடத்தின் மதிப்பு விழவேண்டும். தாத்தாவின் சமையல் அதற்கான கருவி, அவ்வளவுதான்.

மேலோட்டமாகப் பார்த்தால் இது சாப்பாட்டைப் பற்றிய கிண்டல். அமெரிக்க வீட்டுமனை வரலாறு தெரிந்தவர்களுக்கு வேறொன்று புரியும். 1930-களில் அரசின் வீட்டுக்கடன் அமைப்புகள் நகரங்களின் வரைபடங்களைத் தரம் பிரித்து, கறுப்பர்கள் வாழும் பகுதிகளுக்குச் சிவப்பு வண்ணம் பூசின. சிவப்பு என்றால் கடன் கொடுக்க ஆபத்தான இடம். 1934-இல் தொடங்கிய கூட்டாட்சி வீட்டுவசதி நிர்வாகம் வெள்ளையர்களின் புறநகர்களுக்குத் தாராளமாகக் கடன் உத்தரவாதம் அளித்தது. கறுப்பர்களுக்கு அந்தக் கதவு பெரும்பாலும் மூடியே இருந்தது. வெள்ளையர் அல்லாதவருக்கு விற்கக்கூடாது என்று பத்திரத்திலேயே எழுதிவைக்கும் வழக்கமும் இருந்தது. அத்தகைய ஒப்பந்தங்களை நீதிமன்றங்கள் அமல்படுத்தக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது 1948-இல். வீட்டு விற்பனையிலும் வாடகையிலும் இனப் பாகுபாட்டைத் தடைசெய்யும் கூட்டாட்சிச் சட்டம் வந்ததோ 1968-இல், மார்ட்டின் லூதர் கிங் கொலையுண்ட ஒரு வாரத்துக்குப் பிறகு.

இதன் நடுவே நிலத் தரகர்கள் ஒரு தொழிலையே கண்டுபிடித்தார்கள். கறுப்பர்கள் உங்கள் தெருவுக்கு வரப்போகிறார்கள், விலை விழுந்துவிடும், இப்போதே விற்றுவிடுங்கள் என்று வெள்ளைக் குடும்பங்களைப் பயமுறுத்துவது. அவர்கள் பதறி விற்பதைக் குறைந்த விலைக்கு வாங்குவது. பிறகு வேறெங்கும் வீடு கிடைக்காத கறுப்பினக் குடும்பங்களுக்கு அதையே கொள்ளை விலைக்கு விற்பது. சிகாகோவில் இது பெரிய அளவில் நடந்தது; தவணை ஒன்று தவறினால் வீடும் போய், கட்டிய பணமும் போகும்படி ஒப்பந்தங்கள் எழுதப்பட்டன. இந்தத் தரகருக்குக் கறுப்பர்மேல் தனிப்பட்ட வெறுப்பு இருந்தே ஆகவேண்டும் என்பதில்லை. அடுத்தவர் மனத்திலிருக்கும் வெறுப்பு போதும். அது அவருக்கு மூலதனம். வங்க்லர் இந்தப் பரம்பரையில் வந்தவர்.

சிகாகோவிலிருந்து புறநகருக்கு வந்த ஒரு குடும்பத்தைக் கதையின் நடுவில் வைத்தது தற்செயலாக இருக்க முடியாது.

முதல் சீசனிலேயே இன்னொரு எபிசோட். பக்கத்து வீட்டுச் சிறுமி ஜாஸ்மின் ஒரு குதிரைக்குட்டி வாங்க ஆசைப்பட்டு எலுமிச்சைச் சாறு விற்கிறாள். வங்க்லர் வருகிறார், முதலீடு செய்கிறார், குதிரைக்குட்டி ஆசை காட்டுகிறார். கொஞ்ச நாளில் பிள்ளை கண் விழித்து வேலை பார்க்கிறாள், தொழில் அவளுடையதாக இல்லை. ஹ்யூயி எவ்வளவு சொன்னாலும் அவள் காதில் குதிரைதான் கனைக்கிறது. ஒரு பொருளாதாரப் பாடத்தை இதைவிடச் சிறிதாக மடிக்க முடியாது. இந்த எபிசோடில் இனம் என்ற பேச்சே ஏறக்குறைய இல்லை என்பதைக் கவனியுங்கள்.

ஜாஸ்மினின் தந்தை டாம் டுபாய்ஸ் இந்தத் தொடரின் நடுத்தர வர்க்கம். அரசு வழக்கறிஞர், வெள்ளை மனைவி, அழகான வீடு, அளந்த பேச்சு. சிறுவயதிலிருந்து அவருக்கு ஒரே ஒரு பயம், சிறை. முதல் சீசனில் யாரோ ஒரு கொலைகாரனின் அடையாளம் பொருந்துகிறது என்று போலீஸ் அவரைத்தான் பிடித்துக்கொண்டு போகிறது. படிப்பும் பதவியும் நல்ல உச்சரிப்பும் அந்த ஒரு இரவுக்கு உதவவில்லை. வங்க்லரின் பேரனும் அவன் கூட்டாளி ரம்மியும் அதே எபிசோடில் துப்பாக்கியோடு ஒரு கடைக்குள் புகுந்து, இல்லாத ஆபத்தைக் காரணம் காட்டி அட்டகாசம் செய்துவிட்டுச் சேதமில்லாமல் போகிறார்கள். ஈராக் போரை அப்படியே ஒரு பெட்டிக்கடைக்குள் சுருக்கியிருப்பார்கள். ரம்மி யார் என்பதைப் பாதுகாப்புத் துறைச் செயலராக இருந்த டொனால்ட் ரம்ஸ்ஃபெல்டின் பேட்டிகளைப் பார்த்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஆனால் இரண்டு கதைகளையும் ஏன் ஒரே எபிசோடில் வைத்தார்கள் என்பதுதான் என்னை யோசிக்கவைத்தது. ஒன்றுமே செய்யாத வழக்கறிஞர் கம்பிக்குள், எல்லாம் செய்த பணக்காரப் பையன் வெளியே.

தொடருக்குப் பெரும் பெயரும் பெரும் தலைவலியும் தந்தது 2006 ஜனவரி 15 அன்று, மார்ட்டின் லூதர் கிங்கின் பிறந்தநாளில் ஒளிபரப்பான எபிசோட். 1968-இல் சுடப்பட்ட கிங் சாகவில்லை, கோமாவில் கிடந்து 2000-இல் எழுகிறார் என்பது கற்பனை. முதலில் கொண்டாடுகிறார்கள். செப்டம்பர் 11-க்குப் பிறகு, ஒரு கன்னத்தில் அறைந்தால் மறுகன்னத்தைக் காட்டு என்று அவர் சொன்னதும் தேசத்துரோகி ஆகிறார். கடைசியில் ஹ்யூயியின் உதவியோடு ஒரு கட்சி தொடங்கப்போன கூட்டம் ஆட்டம் பாட்டமாகக் கலைய, கிங் பொறுமையிழந்து தன் மக்களையே கடுமையாகத் திட்டுகிறார், கறுப்பர்களை இழிவுபடுத்தும் அந்த ‘என்’ எழுத்து வசைச்சொல்லையும் சேர்த்து. கறுப்பினத் தலைவர் அல் ஷார்ப்டன் மன்னிப்புக் கேட்கச் சொன்னார். அடல்ட் ஸ்விம் கேட்கவில்லை. அந்த எபிசோடுக்கு ஒளிபரப்புத் துறையின் மதிப்புமிக்க பீபடி விருது கிடைத்தது.

ஷார்ப்டனின் கோபத்தை முட்டாள்தனம் என்று ஒதுக்கிவிட எனக்கு மனமில்லை. ஒரு கறுப்பினக் கலைஞர் தன் மக்களை நோக்கிச் சொல்வதை யார் எல்லாம் கேட்டுச் சிரிக்கிறார்கள்? இது நகைச்சுவையைவிடப் பழைய சிக்கல். 1971-இல் தொடங்கிய ‘ஆல் இன் தி ஃபேமிலி’ தொடரில் ஆர்ச்சி பங்க்கர் என்ற வெள்ளைத் தொழிலாளியின் இனவெறியைக் கிண்டல் செய்தார்கள். நீல் விட்மர், மில்டன் ரோக்கீச் என்ற இரண்டு உளவியலாளர்கள் அமெரிக்க, கனடியப் பார்வையாளர்களை ஆய்வு செய்து 1974-இல் வெளியிட்ட முடிவு தொடர்காரர்களுக்கு இனிப்பாக இல்லை. பாகுபாட்டு எண்ணம் அதிகமுள்ளவர்கள் ஆர்ச்சியைக் கிண்டல் செய்யப்படுபவனாகப் பார்க்கவில்லை. தங்கள் மனத்தில் இருப்பதை வெளிப்படையாகப் பேசும் ஆளாகத்தான் பார்த்து ரசித்தார்கள். ‘தி பூன்டாக்ஸ்’ தொடங்கிய அதே 2005-இல் கறுப்பின நகைச்சுவைக் கலைஞர் டேவ் ஷப்பேல் தன் புகழின் உச்சத்தில் நிகழ்ச்சியை விட்டுப் போனார். படப்பிடிப்பில் ஒரு வெள்ளையர் சிரித்த விதம் சரியாகப் படவில்லை என்று பின்னால் சொன்னார்.

ரக்கஸின் வசைகளைத் துண்டு துண்டாக வெட்டி இணையத்தில் சுற்றவிடுகிறவர்களைப் பார்த்தால் இந்தக் கேள்வி இன்னும் கூர்மையாகிறது. எபிசோடுக்குள் அந்த வசைக்கு ஒரு விலை உண்டு: சீருடை, துடைப்பம், தாய் சொன்ன பொய். முப்பது நொடித் துண்டில் விலை போய்விடுகிறது, வசை மட்டும் மிஞ்சுகிறது. தொடரின்மேல் பழி போடவும் முடியாது, முழுக்க விடுவிக்கவும் முடியாது. மெக்ரூடரும் எழுத்தாளர்களும் அந்த வசைகளை ரசித்துத்தான் எழுதியிருக்கிறார்கள் என்பது கேட்டாலே தெரியும்.

தொடருக்கும் முதலாளிகள் இருந்தார்கள். கறுப்பினப் பார்வையாளர்களுக்கான பெட் (BET) அலைவரிசை கறுப்பர்களைச் சீரழிக்கிறது என்று தாக்கி எடுத்த இரண்டு எபிசோடுகள் இரண்டாம் சீசன் ஓடிய நாளில் அமெரிக்காவில் ஒளிபரப்பாகவே இல்லை. அதில் ஒன்றில்தான் ரக்கஸ் மரபணுப் பரிசோதனை செய்துகொள்கிறார். முடிவு: 102 சதவீதம் ஆப்பிரிக்கர், இரண்டு சதவீதம் பிழைக்கு இடம் விட்டு. இந்தத் தொடரில் எனக்கு மிகப் பிடித்த ஒற்றை நகைச்சுவை இதுதான். ஒரு பெரிய ஊடக நிறுவனத்தின் அலைவரிசையில் உட்கார்ந்துகொண்டு இன்னொரு பெரிய ஊடக நிறுவனத்தை எவ்வளவு தூரம் திட்டலாம் என்பதற்கு ஓர் எல்லை இருந்தது, அது கண்ணில் தெரிந்தது.

குறைகளையும் சொல்லிவிட வேண்டும். கறுப்பினப் பெண்களுக்கு இந்தத் தொடரில் ஏறக்குறைய இடமே இல்லை. வருகிறவர்கள் பெரும்பாலும் தாத்தாவின் பணத்தைக் கறக்க வருகிறவர்கள், அல்லது கத்துகிறவர்கள். வர்க்கத்தையும் இனத்தையும் இவ்வளவு நுட்பமாகப் பார்த்த கண்ணுக்கு வீட்டுக்குள் உழைக்கும் பெண் தெரியவே இல்லை. அந்த வீட்டில் அம்மாவும் இல்லை, பாட்டியும் இல்லை. தன்பாலின ஈர்ப்பைப் பற்றிய கிண்டல்கள் பல இடங்களில் ராப் உலகின் போலி ஆண்மையைக் குறிவைத்துத் தொடங்கி, வெறும் கேலியாக வழுக்கி விழுகின்றன. 2010-இல் வந்த, நாடகத் தயாரிப்பாளர் ஒருவரைப் பகடி செய்த எபிசோடில் இரண்டும் சேர்ந்தே இருக்கின்றன.

மூன்றாம் சீசனின் தொடக்கத்தில் ஒபாமா வெற்றியைக் கையாண்ட விதம் இன்றைக்கும் நன்றாக நிற்கிறது. ஜெர்மானிய இயக்குநர் வெர்னர் ஹெர்ஸாக் தன் குரலிலேயே வந்து வுட்க்ரெஸ்ட் மக்களைப் பேட்டி எடுக்கிறார். ஊரே ஆனந்தக் கூத்தாடுகிறது. ஹ்யூயிக்கு மட்டும் உற்சாகமில்லை. உலகமே சேர்ந்து சிரிக்கும்போது தோளைக் குலுக்கும் ஒரு பத்து வயதுப் பையன். அவன் சலிப்புக்குக் காரணத்தைத் தொடர் வாய்விட்டுச் சொல்லவில்லை. வங்க்லர் எந்தக் கட்சி ஆட்சியிலும் வங்க்லராகவே இருப்பார் என்பதை அதுவரை பார்த்தவர்கள் தாங்களே சேர்த்துக்கொள்ளலாம்.

நான்காம் சீசன் 2014-இல் மெக்ரூடர் இல்லாமல் வந்தது. தயாரிப்புக் கால அட்டவணையில் உடன்பாடு ஏற்படவில்லை என்பது வெளியே சொன்ன காரணம். இதில் தாத்தா கடனில் மூழ்கி, வங்க்லரிடம் குடும்பத்தையே அடிமையாக எழுதிக்கொடுக்கிறார். அடிமைக்காலத்தைக் காட்டும் கேளிக்கைப் பூங்காவில் வேலை பார்க்க வேண்டியதாகிறது. இதுவரை நான் சொல்லிவந்த கருத்துக்கு இதைவிட நேரடியான கதை கிடைக்காது. ஆனாலும் நான்கிலும் பலவீனமான சீசன் இதுதான். முன்பு உணவகத்துக்கு அடியில், எலுமிச்சைச் சாற்றுக்கு அடியில் ஒளிந்திருந்த வங்க்லரைக் கூடத்தில் கொண்டுவந்து உட்காரவைத்துவிட்டார்கள். தாத்தா இதற்குமுன் அவரிடம் ஏமாந்ததெல்லாம் ஆசையால், முகத்துதியால், கொஞ்சம் மேலே வர வேண்டும் என்ற துடிப்பால். பத்திரத்தில் கையெழுத்துப் போட்டு அடிமையாகிறவரிடம் ஏமாறுவதற்கு எதுவும் மீதமில்லை. அப்புறம் நகைச்சுவை எங்கிருந்து வரும்?

2019-இல் தொடரை மெக்ரூடரின் பொறுப்பிலேயே புதிதாக எடுக்கப்போவதாக சோனி அறிவித்தது. எச்பிஓ மேக்ஸ் தளத்துக்கு இரண்டு சீசன்கள், 24 எபிசோடுகள். அறிவிப்பில் இருந்த கதைச் சுருக்கம்தான் சுவாரசியம்: ஃப்ரீமன் குடும்பம் மேரிலாந்தின் அமைதியான புறநகருக்கு வருகிறது, வந்தபின் அந்த ஊரை அங்கிள் ரக்கஸ் கைப்பற்றி, ஒரு விசித்திரமான பாசிச ஆட்சியை நடத்துகிறார். வாயைத் தவிர வேறெதுவும் சொந்தமில்லாத மனிதரின் கையில் முதல்முறையாக அதிகாரம். அப்படியானால் வங்க்லர் எங்கே இருந்திருப்பார்? ரக்கஸுக்கு எதிராகவா, அல்லது அந்த ஆட்சிக்குப் பணம் போடுபவராகவா? ஜான் விதர்ஸ்பூன் அந்த ஆண்டு அக்டோபரிலேயே இறந்துபோனார். எட் அஸ்னர் 2021 ஆகஸ்டில் காலமானார். 2022-இல், டாம் டுபாய்ஸுக்குக் குரல் கொடுத்த செட்ரிக் யார்ப்ரோ ஒரு பேட்டியில், அந்தப் புதிய தொடர் இனி இல்லை என்று சொல்லிவிட்டார்.